சோடாபுட்டிக்கு விடை கொடுக்குமா 'உங்களுக்கென்றே' ஒரு லேசர்?

'சோடாபுட்டி!'

பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே கண்ணாடியைப் பையிலிருந்து வெளியில் எடுக்காத பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்லூரியும் முடித்து, வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்ததும் கவலை அப்படியே பெற்றோர் தலைக்கு மாறிவிடுகிறது. 'பொண்ணு கண்ணாடி போடுமா?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். பையன் என்றால் போலீஸ் வேலை, ராணுவ வேலை என்று வேறு ஒரு கவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த விளம்பரம் கண்ணில் படும். 'உங்கள் கண்ணுக்கென்றே வடிவமைக்கப்பட்ட லேசர் சிகிச்சை! பத்தே நிமிடம்! கண்ணாடிக்கு குட்பை!'

"சித்த வைத்தியருக்கும் லேசருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த சிகிச்சையைச் செய்கிறவன் நானில்லை. அதைச் செய்ய வேண்டியவர் அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற கண் அறுவை நிபுணர். ஆனால், கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் லேசருக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவையும், போய்விட்டு வந்து கண் உறுத்தும்போது ஒரு தடவையும் ஜனங்கள் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்:

"ஐயா, பாப்பாவுக்கு மைனஸ் அஞ்சு இருக்குது. லேசர் பண்ணா போயிடும்ங்கறாங்க. கண்ணுல போய் கை வைக்கலாமாங்கய்யா? நம்ம மருந்துலயே ஏதாச்சும் சொட்டு மருந்து, தைலம்னு இருந்தா குடுங்களேன்..."

இந்தக் கேள்விக்கு விடையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிப் பவரை இறக்குகிற சொட்டு மருந்து என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை. லேசரால் முடியும். ஆனால், எல்லாக் கண்ணுக்கும் முடியாது. 'உங்கள் கண்ணுக்கென்றே' என்கிற அந்த வார்த்தையின் முழு அர்த்தம் புரிந்தால், யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

பவர் எங்கிருந்து வருகிறது?

கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி வளைவாக, தெளிவாக ஒரு படலம் இருக்கிறது. இதுதான் கார்னியா. கண் தானத்தில் பிறருக்குப் பொருத்தப்படுவதும் இதுதான். வெளிச்சத்தை வளைத்து, பின்னால் இருக்கும் விழித்திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் பெரும்பங்கு கார்னியாவுடையது.

மைனஸ் பவர் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு விழிக்கோளம் கொஞ்சம் நீண்டு போயிருக்கும். அதனால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. தூரத்துப் பொருள் மங்கல். கார்னியா எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளையாமல், ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருந்தால் அது சிலிண்டர் பவர்.

லேசர் செய்வது என்ன? நீண்டுபோன விழிக்கோளத்தை அது தொடுவதே இல்லை. கார்னியாவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் செதுக்கித் தட்டையாக்கி, பிம்பத்தைச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. அதாவது, மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியைக் கார்னியாவிலேயே எழுதிவிடுவது போல!

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம்ம ஊர்க்காரர் கண்டுபிடித்தது!

இந்த லேசருக்குப் பின்னால் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 1929-ல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன்தான் அவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் என்ற இருவருடன் சேர்ந்து 'எக்ஸைமர்' என்ற புற ஊதா லேசரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

1981 நவம்பர் 27. அதற்கு முந்தின நாள் அமெரிக்கர்களின் நன்றித் திருநாள். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் லேசரைப் பாய்ச்சினார் சீனிவாசன். சாதாரண லேசர் பட்ட இடம் கருகிப்போனது. எக்ஸைமர் பட்ட இடமோ கோடு கிழித்தாற்போல் சுத்தமாக இருந்தது! பக்கத்துத் திசு வேகவில்லை, கருகவில்லை.

இதைக் கண்ணில் பயன்படுத்தலாமே என்று ஆர்வம் காட்டியவர் ஸ்டீஃபன் ட்ரோக்கல் என்ற நியூயார்க் கண் மருத்துவர். கார்னியாவில் செய்த சோதனைகளை அவர் சீனிவாசனுடன் சேர்ந்து 1983-ல் வெளியிட்டார். 1980-களின் கடைசியில் மனிதக் கண்ணுக்கு வந்தது. 2013-ல் மூன்று விஞ்ஞானிகளின் பணிக்காகவும் வெள்ளை மாளிகையில் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கினார் அதிபர் ஒபாமா.

அந்த லேசரின் ஒரு துடிப்பு கார்னியாவிலிருந்து எடுக்கும் அளவு, ஒரு மைக்ரானில் ஏறக்குறைய கால் பங்கு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. தலைமுடியின் தடிமனே 50, 60 மைக்ரான் இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

'உங்களுக்கென்றே' என்றால்?

ஆளைப் பார்த்து மருந்து கொடுப்பது சித்த மருத்துவத்துக்குப் புதிதல்ல. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே காய்ச்சல்தான், ஆனால் வாத உடம்புக்கு ஒரு மருந்து, பித்த உடம்புக்கு ஒரு மருந்து.

லேசரிலும் அதே கதைதான். ஆரம்ப காலத்தில் கண்ணாடிப் பவர் என்னவோ அதை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுச் செதுக்கினார்கள். மைனஸ் மூன்று என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஆனால் மைனஸ் மூன்று உள்ள இரண்டு பேரின் கார்னியா ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவருக்கு மேல்பக்கம் மேடு, இன்னொருவருக்கு ஓரத்தில் பள்ளம். கண்ணாடியால் சரிசெய்ய முடியாத இந்த மேடு பள்ளங்கள்தான் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிய ஒரு காரணம்.

இதற்கு இரண்டு வழிகள் வந்தன.

முதலாவது, 'வேவ்ஃப்ரன்ட்' முறை. மெல்லிய ஒளிக்கற்றையைக் கண்ணுக்குள் அனுப்பி, விழித்திரையில் பட்டுத் திரும்பி வரும்போது அது எப்படியெல்லாம் கோணலாகிறது என்று படம் எடுப்பார்கள். வான சாஸ்திரிகள் டெலஸ்கோப்புக்குப் பயன்படுத்திய உத்தி இது. கார்னியா, உள்ளே இருக்கும் லென்ஸ் என மொத்தக் கண்ணின் குறையையும் இது காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-ல் இதற்கு அனுமதி கொடுத்தது.

இரண்டாவது, 'டோப்போகிராஃபி' முறை. நில அளவையர் மலையை அளந்து மேடு பள்ளம் போட்ட வரைபடம் தயாரிப்பது போல, கார்னியாவின் மேற்பரப்பை மட்டும் அளக்கிறது. 'கான்டூரா' என்று விளம்பரங்களில் வருவது இதுதான். ஒரு கண்ணில் 22,000 புள்ளிகள் வரை அளக்கிறோம் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். இதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2013-ல்.

'அப்படியானால் இதுதான் உசத்தி, மற்றதெல்லாம் மட்டம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேடு பள்ளம் அதிகமில்லாத சாதாரணக் கண்ணாக இருந்தால், பலகையில் எழுத்து வாசிப்பதில் இதற்கும் இப்போதுள்ள மற்ற நல்ல லேசருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சீரற்ற கார்னியா உள்ளவர்களுக்குத்தான் கூடுதல் லாபம். தவிர, மேடு பள்ளத்தையும் சமன் செய்ய வேண்டியிருப்பதால் சில கண்களில் திசு கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கப்படும். திசு என்பது கையிருப்பு மாதிரி. எடுத்தால் எடுத்ததுதான், திரும்பி வளராது!

கையிருப்புக் கணக்கு

இந்தக் கணக்கை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார்னியாவின் நடுத் தடிமன் சுமார் 540 மைக்ரான். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். லாஸிக் முறையில் முதலில், காய்ச்சிய பாலின் மேல் ஏட்டை ஒதுக்குவது போல, சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மெல்லிய ஏட்டைத் திறப்பார்கள். பிறகு அடியில் செதுக்க வேண்டும். ஒரு பவருக்குத் தோராயமாக 14 மைக்ரான். செதுக்கி முடித்தபின் அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும். 300 மிஞ்சினால்தான் நிம்மதி என்பார்கள் ஜாக்கிரதையான டாக்டர்கள்.

தடிமன் 540, பவர் மைனஸ் 5 என்று வைத்துக்கொள்வோம். ஏடு 110, செதுக்குவது 70. மிச்சம் 360. கவலையில்லை.

இன்னொருவருக்குத் தடிமன் 490, பவர் மைனஸ் 8. ஏடு 110, செதுக்குவது 112. மிச்சம் 268. 250-க்கு மேலேதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மொத்தக் கார்னியாவில் 40 சதவீதத்துக்கும் மேல் கை வைத்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் கண் அழுத்தம் தாங்காமல், சில வருஷங்களில் கார்னியா முன்பக்கமாகப் பிதுங்கும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது.

இந்த இரண்டாமவரிடம், "உங்களுக்கு லேசர் வேண்டாம்" என்று சொல்கிற டாக்டர்தான் நல்ல டாக்டர். 'உங்கள் கண்ணுக்கென்றே' என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் அதுதான். அளந்து பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று சொல்வதும் உங்களுக்கென்றே சொல்லப்பட்ட வைத்தியம்தான். கோபித்துக்கொண்டு அடுத்த ஆஸ்பத்திரி, அதற்கடுத்த ஆஸ்பத்திரி என்று 'சரி' சொல்லும் இடம் தேடி அலையாதீர்கள். மிக அதிகப் பவர் உள்ளவர்களுக்கு, கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முறையும் இருக்கிறது. அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

யாருக்கெல்லாம் வேண்டாம்?

* 18 வயது ஆகாதவர்களுக்கு வேண்டாம். 21 வரை பொறுப்பது இன்னும் நல்லது. கடைசி ஒரு வருஷமாவது பவர் அரைப் புள்ளிக்கு மேல் மாறாமல் இருக்க வேண்டும்.

* கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். அந்தச் சமயத்தில் பவரும் கண்ணின் ஈரமும் மாறும்.

* கார்னியா கூம்பு போலக் கூராகும் 'கெரட்டோகோனஸ்' நோயோ, அதன் சாயலோ இருந்தால் கூடவே கூடாது. ஓயாமல் கண்ணைக் கசக்குகிறவர்களிடம் இது அதிகம். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால், 'தூசி பட்டிருக்கும்' என்று விட்டுவிடாமல் அலர்ஜிக்கு வைத்தியம் பாருங்கள்.

* கண் வறட்சி அதிகமுள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. வயலில் இறங்கி வேலை செய்பவர்களும் கபடி ஆடுபவர்களும் இதைக் கவனியுங்கள். லாஸிக்கில் திறந்து மூடிய ஏடு பழையபடி முழுப் பலத்துடன் ஒட்டுவதில்லை. பலமான அடி பட்டால் வருஷங்கள் கழித்துக்கூட அது நகர்ந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் கரும்பு வெட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும், தோகை கண்ணில் கிழிப்பது எவ்வளவு சகஜம் என்று! இப்படிப்பட்டவர்களுக்கு ஏடு திறக்காமல் மேற்பரப்பிலேயே செய்யும் 'பி.ஆர்.கே.' முறையோ, சின்னத் துளை வழியாகச் செய்யும் 'ஸ்மைல்' முறையோ பொருத்தமாக இருக்கலாம். போலீஸ், ராணுவ வேலைக்குத் தயாராகிறவர்கள் அந்த வேலையின் அறிவிப்பில் லேசர் பற்றி என்ன விதி இருக்கிறது என்று வாசித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் விதி வேறு.

அளப்பதில் அவசரம் வேண்டாம்!

தையற்காரர் அளவைத் தப்பாக எடுத்தால், எவ்வளவு உயர்ந்த துணியாக இருந்தும் சட்டை பொருந்துமா? இந்த சிகிச்சையின் உயிரே அளவெடுப்பதில்தான் இருக்கிறது.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், மிருதுவான லென்ஸ் என்றால் ஒன்று, இரண்டு வாரம் முன்பும், கடின லென்ஸ் என்றால் மூன்று, நான்கு வாரம் முன்பும் நிறுத்திவிட வேண்டும். லென்ஸ் கார்னியாவை அமுக்கி வைத்திருக்கும். அந்த அமுங்கிய வடிவத்தை அளந்தால் வரைபடமே பொய்யாகிவிடும். கண் உலர்ந்திருந்தாலும் அப்படித்தான். வறட்சிக்கு முதலில் வைத்தியம், பிறகுதான் அளவு. இரண்டு மூன்று முறை எடுத்தும் அளவுகள் ஒத்துப்போகவில்லையா? இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அலைச்சல்தான். ஆனால், அது உங்கள் நன்மைக்கு.

பரிசோதனைக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். தடிமன், முன்பின் இரு பக்க வளைவு, கண்ணீரின் அளவு, இருட்டில் கண் பாப்பா விரியும் அளவு, கண் அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கடைசியில் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள். நாலைந்து மணி நேரம் எழுத்து மங்கலாகத் தெரியும், வெயிலில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.

'காலையில் டெஸ்ட், மத்தியானமே லேசர், இன்றைக்கு மட்டும் தள்ளுபடி' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்!

அந்தப் பத்து நிமிடம்

ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். நினைவு இருக்கும், பேச்சு கேட்கும். இமை மூடாமலிருக்க ஒரு சின்னக் கம்பிக் கவ்வி வைப்பார்கள். ஏடு திறக்கும்போது கண்ணை அழுத்துவது போல இருக்கும். சில விநாடிகள் பார்வை இருட்டிவிடும். பயப்படாதீர்கள், அது அப்படித்தான். பிறகு மேலே தெரியும் வெளிச்சப் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். முடி கருகுவது போல வாசனை வரும். கண் எரிகிறது என்று அர்த்தமில்லை. திசு ஆவியாகும் வாசனை அது. லேசர் பாயும் நேரம் பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடத்துக்குள்தான். கண் லேசாக அசைந்தால் மெஷின் தொடர்ந்து வரும். அதிகம் அசைந்தால் நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நாலைந்து மணி நேரம் எரிச்சல், நீர் வடிதல், மணல் விழுந்தது போல உறுத்தல். கண்ணை மூடித் தூங்குவதே மருந்து. மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரம் கண்ணாடி இல்லாமலே தெரியும்! பி.ஆர்.கே. என்றால் கதை வேறு: மூன்று முதல் ஐந்து நாள் நல்ல வலி இருக்கும், பார்வை மெதுவாகத்தான் தெளியும்.

மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று திரும்பப் போய்க் காட்ட வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருப்பவர்கள் முதல் இரவு ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே தங்குவது உத்தமம். ஜன்னலோர சீட்டில் காற்றும் தூசியும் கண்ணில் அடிக்க, மலைப்பாதையில் அன்றைக்கே திரும்புவது வேண்டாம்.

எதை எதிர்பார்க்கலாம்?

இந்த சிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்குத் 95 பேருக்கு மேல் திருப்தியாக இருக்கிறார்கள் என்று உலக அளவிலான ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. கிருமித் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இது நல்ல செய்தி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பங்கேற்று நடத்திய ஆய்வின் முடிவு 2017-ல் வெளிவந்தது. அதற்கு முன் ஒளிவட்டம், கூச்சம், இரட்டைப் பிம்பம் போன்ற தொந்தரவே இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேருக்கு மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருந்தது. கண் வறட்சியே இல்லாதிருந்தவர்களில் 28 சதவீதம் வரை புதிதாக வறட்சி. பெரும்பாலோருக்கு இது அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. அப்படிக் கெடுத்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்குத்தான். ஆனால், ராத்திரியில் லாரி ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமா? உங்கள் தொழில் என்ன என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

40 வயதுக்கு மேல் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். லேசர் அதைத் தடுக்காது.

இப்போது, முதலில் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். லேசர் விழிக்கோளத்தைத் தொடுவதே இல்லை! கண்ணாடி போய்விட்டாலும் உள்ளே இருப்பது அதே நீண்ட கண்தான். அதிக மைனஸ் பவர்க்காரர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழியும் அபாயம், லேசருக்குப் பிறகும் அப்படியே இருக்கும். மின்னல் போல வெளிச்சம், திடீரென்று கொசு பறப்பது போலக் கரும்புள்ளிகள், திரை இறங்குவது போல இருட்டு... இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஓடுங்கள். 'கண்தான் சரியாயிடுச்சே' என்று வருஷாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

லேசருக்கு முந்தைய அளவுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கார்னியா மெலிந்தபின் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அறுபது வயதில் புரை வந்து லென்ஸ் வைக்கும்போது அந்த டாக்டருக்கும் இந்தக் காகிதம் உதவும்.

என் பங்குக்கு...

கண் நோய்கள் 96 வகை என்று சொல்லும் பரம்பரை எங்களுடையது. கல்வராயன் மலையில் விளையும் கடுக்காயின் அருமை எனக்குத் தெரியும். பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லது என்று நானே சொல்வேன். கீரையிலுள்ள சத்து மாலைக்கண் வராமல் காக்கும். ஆனால் எந்தக் கீரையும், எந்தச் சூரணமும் நீண்டுபோன விழிக்கோளத்தைக் குறுக்காது. மைனஸ் ஐந்தை மைனஸ் நாலாக்குவேன் என்று யார் சொன்னாலும், அவர் எந்த வைத்தியராக இருந்தாலும், நம்பாதீர்கள்.

லேசர் செய்தவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை இவை. கண்ணில் இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், திரிபலா கழுவுநீர் எதுவும் படக்கூடாது. ஆறாத கார்னியாவில் இதெல்லாம் கிருமிக்கு வாசல் திறந்துவிடும். லேசர் செய்யாத கண்ணில்கூட இப்படி ஊற்றிக்கொண்டு, கார்னியாவில் புண்ணாகி, பார்வை இழந்தவர்கள் உண்டு. ஒரு வாரம் கண்ணில் தண்ணீர் படாமல் முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல், சீயக்காய், ஆவி பிடித்தல், நசியம் ஒரு மாதத்துக்கு வேண்டாம். கண் மை, கிணற்றுக் குளியல், கோமுகி அணைத் தண்ணீரில் ஆட்டம்... எல்லாம் டாக்டர் சொன்ன பிறகுதான். கண்ணைக் கசக்கவே கூடாது; தூக்கத்தில் கை போகாமலிருக்கக் கொடுக்கும் கண் கவசத்தை மறக்காமல் கட்டுங்கள். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டால், அதன் பெயரைக் கண் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சிலர் கேட்பவை

"பவர் திரும்ப வருமாங்கய்யா?"

கொஞ்சம் வரலாம். பவர் நிலைக்காத வயதில் அவசரப்பட்டுச் செய்தவர்களுக்கு அதிகம் வரும். கார்னியாவில் கையிருப்பு இருந்தால் மறுபடி சிறிது திருத்தலாம்.

"இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?"

7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்குச் செய்யும் சிகிச்சைச் செலவைப் பொதுவான பாலிசிகள் ஏற்பதில்லை. கடன் வாங்கிச் செய்ய வேண்டிய அவசரம் இதில் எதுவுமில்லை.

"பத்து வயசுப் பையனுக்குப் பவர் ஏறிக்கிட்டே போகுது. என்ன பண்றது?"

லேசரை மறந்துவிடுங்கள். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில், பகல் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். செல்போனைக் குறையுங்கள். பவர் வேகமாக ஏறினால் அதைத் தாமதப்படுத்தும் சொட்டு மருந்து கண் மருத்துவரிடம் இருக்கிறது. கண்ணாடியை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள். மலைக்கிராமங்களில் இன்னும் கண்ணாடி இல்லாமலே கரும்பலகையைப் பார்த்துத் திணறும் பிள்ளைகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகக் கண்ணாடி தருவதற்கென்றே 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்தது. ஆசிரியரிடம் கேளுங்கள்.

"பொண்ணுக்கு இஷ்டமில்ல. கல்யாணத்துக்காகப் பண்ணிடலாமா?"

கூடாது. கண் யாருடையதோ, முடிவும் அவருடையது. கண்ணாடி ஒரு குறையல்ல. கண்ணாடியைக் காரணம் காட்டித் தட்டிப்போகிற வரன் போனால் போகட்டும். வேறு வரன் வரும். கார்னியா ஒரு கண்ணுக்கு ஒன்றுதான்.

உங்கள் பெண்ணோ பையனோ தானாக விரும்பி, வயதும் பவரும் நிலைத்து, எல்லா அளவும் பொருந்தி, டாக்டரும் 'சரி' என்றால் தைரியமாகப் போய் வாருங்கள். லட்சக்கணக்கானவர்களுக்குப் பலன் தந்த சிகிச்சைதான் இது. பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டாரா? அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, நல்ல ஃபிரேமாகப் பார்த்து ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு ஊர் திரும்புங்கள். அதுவும் நஷ்டமில்லை!